ஒயர் இல்லாத பட்டன்

போன வாரம் பிரபு போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். நல்ல வேலைக்காரன், கொஞ்சம் அவசரக்காரன்.

“சார், பசுமலை லேப்ல இருக்குற பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் பொட்டியத் தொறந்து பாத்தேன். முன்னாடி இருக்குற பவர் பட்டனுக்கு ஒயரே இல்ல, புடுங்கிப் போட்டிருக்கு. பின்னாடி தனியா ஒரு சுவிட்ச் ஒட்டியிருக்கு. செட்டிங்ஸ்லயும் பட்டன அமுக்குனா ஒண்ணும் செய்யாதன்னு எழுதி வச்சிருக்கு. எந்தப் புண்ணியவான் சார் பாத்த வேலை?”

“நான்தான்யா அந்தப் புண்ணியவான்.”

“ஐயையோ, சாரி சார். புதுப் பொட்டி வந்திருக்கு, இன்னைக்கு மாத்துறேன். இதுலயும் அப்படியே செய்யணுமா? எதுக்குன்னு தெரிஞ்சா செய்யலாம்.”

எதுக்கு என்று போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. “மொதல்ல செய்யி, பெறகு எழுதி அனுப்புறேன்” என்று வைத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் படித்தது கம்ப்யூட்டர் இல்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, டிவி ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம் சால்டரிங் கோல் பிடித்து, பிறகு ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது, ‘கரண்டில் ஓடுவதெல்லாம் சுந்தரத்தின் தலையில்’ என்று அதையும் கட்டினார்கள். லினக்ஸ் கற்றுக்கொண்டது வீம்புக்கு. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து, அது நான் சொன்னதைக் கேட்டு நடந்த அன்றைக்கு, வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்காத குறை தீர்ந்தது. கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

என் வீடு வில்லாபுரத்தில். மருத்துவமனையின் கிளை பசுமலையைத் தாண்டி, திருமங்கலம் சாலையில். அங்கே லேபில் முத்துலட்சுமி இருந்தாள். செக்கானூரணிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண், விவசாயக் குடும்பம். வேலையில் சுத்தம், வாயில் வெடி. “அண்ணே, ஸ்கிரீன் கறுப்பாயிருச்சு, வாங்க” என்பாள். வெயிலில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் மானிட்டர் சுவிட்ச் அணைந்திருக்கும். “இத அமுக்கத் தெரியாதா தாயி?” என்றால், “தெரியாம அமுக்கி எதாச்சும் ஆயிட்டா நீங்கதானே வைவீங்க?” என்பாள்.

இப்படி நாலு முறை அலைந்த பிறகுதான் ஒரு வழி செய்தேன். அந்த லினக்ஸ் பெட்டியின் திரையை என் மொபைலில் கொண்டுவருவது. பெட்டியில் திரையை அனுப்பும் ஒரு நிரல், போனில் அதை வாங்கிக் காட்டும் ஒரு ஆப், வெளியாள் யாரும் நுழையாதபடி இரண்டுக்கும் நடுவே பூட்டிய தனி வழி. இன்றைக்குப் பிள்ளைகள் இதைச் சட்டெனச் செய்துவிடுகிறார்கள். நான் ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். போன் திரையில் விரலை இழுத்தால், ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப் பசுமலையில் அம்புக்குறி நகரும். எழுத்தெல்லாம் எறும்பு சைசில் இருக்கும், இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டும். கீபோர்டு மேலே வந்தால் பாதித் திரையை மறைத்துவிடும். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் முதல் சோதனையாக லேப் பெட்டிக்குள் நுழைந்து, அம்புக்குறியை அங்கும் இங்கும் ஓட்டிப் பார்த்தேன். திடீரென்று என் திரை செத்துப்போனது.

அடுத்த நிமிடம் முத்துவின் போன். “அண்ணே! மவுசு தானா ஓடுதுண்ணே! கையே வைக்கல, சத்தியமா! ஆத்தி, நான் பிளக்கப் புடுங்கிட்டேன்!”

பிளக்கைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை, பெட்டிக்கு விபூதியும் அடித்திருந்தாள். நான்தான் உள்ளே வந்தேன் என்று சொன்னதும் என்னை வைதாள் பாருங்கள், அதை இங்கே எழுத முடியாது.

இந்தச் செய்தி எஸ்தர் மேடம் காதுக்குப் போனது. திசுக்களைப் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர், லேபுக்குத் தலைமை. வீடு ஒத்தக்கடையில். மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். வாட்ச்மேன் முதல் சர்ஜன் வரை எல்லாரையும் ‘வாங்க, போங்க’தான். ஒரு ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்து முடித்தாலும் வாயைத் திறக்க மாட்டார். மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். “மொதத் தடவ பாக்கும்போது நமக்கு வேணுங்கிறதுதான் கண்ணுல படும் சுந்தரம்” என்பார். சர்ஜன்கள் அவசரப்படுத்தினால், “நீங்க கைய கழுவுறதுக்கு நான் அவசரப்படுத்துறேனா?” என்று கேட்பார், அதோடு முடிந்தது.

என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “நல்ல வேல செஞ்சிருக்கீங்க. ஆனா ஒருத்தங்க வீட்டுக்குள்ள சொல்லாம போவீங்களா? உள்ள வரும்போது போன் பண்ணிச் சொல்லிட்டு வாங்க. வெளிய போகும்போது சொல்லிட்டுப் போங்க. நான் ரிசல்ட் சொல்லும்போது எனக்கும் சர்ஜனுக்கும் நடுவுல யாரும் இருக்கக் கூடாது. இது மூணும் ரூல்.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் நடைமுறை. “முத்து, உள்ள வரட்டுமா?” “வாங்கண்ணே.” வேலை முடிந்ததும், “போயிட்டு வாரேன் முத்து.” “சரிண்ணே.” சம்பந்தி வீட்டுக்குப் போய்வருகிற மரியாதை. வெளியாள் கேட்டால் சிரிப்பான். எங்களுக்குப் பழகிவிட்டது.

இந்த ஏற்பாட்டை மேடம் அதற்கு மேலும் கொண்டுபோனார். அறுவை நடக்கும்போதே கட்டியில் ஒரு துணுக்கை வெட்டி லேபுக்கு அனுப்புவார்கள். அதைக் குளிரில் உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். புற்றா இல்லையா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை நோயாளி மயக்கத்திலேயே இருப்பார். இல்லை என்றால் கட்டியை மட்டும் எடுத்துத் தைத்துவிடலாம். ஆமாம் என்றால் அப்போதே பெரிய அறுவை. மைக்ராஸ்கோப் கேமராவை லினக்ஸ் பெட்டியில் இணைத்துக் கொடுத்தேன். முத்து கையால் ஸ்லைடை நகர்த்துவாள், மேடம் ஒத்தக்கடை வீட்டில் பெரிய திரையில் பார்ப்பார். ஏதாவது சொதப்பினால் பார்த்துக்கொள்ள, நான் எங்கிருந்தாலும் மொபைலில் அதே திரையில் துணைக்கு நிற்பேன். பல பேருக்கு இப்படிப் பார்த்தாயிற்று, ஒரு நாளும் பிசகியதில்லை.

பிசகியது முத்துவின் சொந்த அக்காவுக்கு.

பேச்சியம்மாள் என்று பெயர். மார்பில் கட்டி. காட்டு வேலை இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது என்று தள்ளித் தள்ளிப் போட்டு, முத்து அழுது இழுத்துக்கொண்டு வந்தாள். சர்க்கரை உண்டு, இதயமும் அவ்வளவு சரியில்லை. மயக்க மருந்து டாக்டர் யோசித்து யோசித்துத்தான் சரி என்றார். “ஒரு தடவதான் என்னால மயக்கம் குடுக்க முடியும். இன்னொரு தடவன்னு வந்து நிக்காதீங்க” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். குடும்பத்தார் கேட்டது ஒன்றே ஒன்று. விஜயதசமி அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், நல்ல நாள். சர்ஜனும் ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் சாயங்காலம் லேபில் ஆயுத பூஜை. வாசலில் வாழைக்கன்று, மைக்ராஸ்கோப்புக்குப் பூ, ஆம்புலன்சுக்கு எலுமிச்சம்பழம், எல்லாப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம். எஸ்தர் மேடம் வழக்கம்போல் பின்னால் நின்று பொரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். லேபில் லீவு போட்டவர்கள் போக, மறுநாளைக்கு முத்து மட்டும்தான். “உங்க அக்கா ஸ்லைடு. வேற கிளையில இருந்து ஆள் வரச் சொல்லவா?” என்று மேடம் கேட்டார். “வேணாம் மேடம். என் கையால செஞ்சாத்தான் எனக்கு மனசு ஆறும்” என்றாள்.

மறுநாள் காலையில் நான் வில்லாபுரத்தில், பேத்தியைச் சேர்க்கிற பள்ளிக்கூடத்து முற்றத்தில் இருந்தேன். அங்கேயும் விஜயதசமிக் கூட்டம். ஒரு பக்கம் பிள்ளைகள் அழுகை, ஒரு பக்கம் மைக் செட். முத்து கூப்பிட்டாள். “ஸ்லைடு வச்சாச்சுண்ணே. மேடம் உள்ள வந்துட்டாங்க. நீங்களும் வாங்க.” குரல் வழக்கம்போல் இல்லை. “வாரேன்” என்று வேப்பமரத்தடிக்கு ஒதுங்கி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

திரையில் ஊதாவும் ரோஸும் கலந்த படம் தெளிவாக இருந்தது. மூன்று பேரும் ஒரே போன் பேச்சில். “கொஞ்சம் இடது பக்கம் முத்து... அப்படியே... கீழ...” மேடத்தின் குரல் நிதானமாக வந்துகொண்டிருந்தது. அப்போது படத்தின் நடுவே ஒரு சாம்பல் கட்டம் குதித்தது. ‘இந்தக் கணினி அறுபது வினாடிகளில் தானாக அணைந்துவிடும்.’ கீழே ரத்து செய்யும் பட்டன்.

அறுபது, ஐம்பத்தொன்பது என்று எண் இறங்க ஆரம்பித்தது. விரலால் அம்புக்குறியை இழுத்துக்கொண்டு போய் ரத்து செய்தேன். கட்டம் போனது. மூச்சு விடுவதற்குள் மறுபடி வந்தது.

“சுந்தரம், நீங்களா?” என்றார் மேடம்.

“நான் இல்ல மேடம். நான் ரத்துதான் பண்றேன்.”

“வேற யாராவது உள்ள வந்திருக்காங்களா?”

அந்தச் சந்தேகம் எனக்கும்தான். பார்த்தேன், எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அந்தப் பெட்டி அணைந்தால் மறுபடி எழும்பவே வெகு நேரம் ஆகும், கேமராவை முதலிலிருந்து சரி செய்ய வேண்டும். அது என் கையால் நேரில் செய்ய வேண்டிய வேலை. நானோ வில்லாபுரத்தில். உள்ளே ஒருத்தி மயக்கத்தில் கிடக்கிறாள், இன்னொரு தடவை கிடையாது என்று டாக்டர் சொல்லியாயிற்று.

மூன்றாவது முறை கட்டம் வந்தபோதுதான் மூளை வேலை செய்தது. அந்தக் கட்டம் வருவதற்கு ஒரே காரணம்தான். யாரோ முன்பக்கத்துப் பவர் பட்டனை அமுக்குகிறார்கள்.

“முத்து, பொட்டிகிட்ட யாரு நிக்கிறா?”

“யாருமே இல்லண்ணே, நான் மட்டுந்தான்.”

“பட்டன் எப்படி இருக்கு? தொடாத. பாத்து மட்டும் சொல்லு.”

நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“முத்து!”

“சந்தனம் இருக்குண்ணே” என்றாள். “பட்டன் வட்டமா இருந்துச்சா, பொட்டு வைக்கத் தோதா இருந்துச்சு. நாளைக்கி அக்காவ இதுலதானே பாக்கப் போறாங்கன்னு, மத்ததுக்கெல்லாம் லேசா வச்சிட்டு இதுக்கு மட்டும் நல்லா அப்பி வச்சேன். அது காஞ்சு இடுக்குல எறங்கியிருக்கு. பட்டன் பாதி உள்ள போயி நிக்குது, மேச ஆடுனா அதுவும் ஆடுது. அய்யோ, நான்தாண்ணே கெடுத்துட்டேன்!”

அழப் போகிறாள் என்று தெரிந்தது. மேடம் குறுக்கே வந்தார். “முத்து, அழறத அப்பறம் வச்சுக்கலாம். இப்ப கை ஆடக் கூடாது. சுந்தரம், என்ன செய்யணும்?”

“துடைக்கக் கூடாது மேடம். துடைக்கிற அழுத்தத்துல நாலஞ்சு வினாடி அமுங்கிட்டா கேள்வியே கேக்காம அணைஞ்சிரும். பட்டன அமுக்குனா கண்டுக்காதன்னு உள்ள ஒரு வரி போடணும். ஆனா இந்தக் கட்டம் வந்து வந்து விழுது.”

“கட்டத்த நான் ரத்து பண்ணிக்கிட்டே இருக்கேன். நீங்க உங்க வேலையப் பாருங்க.”

போனில் திரையை விட்டு விலகி, அதே பெட்டிக்கு எழுத்து மட்டும் வருகிற இன்னொரு வழியில் நுழைந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. இதில் என்ன அடித்தாலும் மேடத்தின் படம் மறையாது. ஒரு வரிதான். ஆனால் என் போன் அதிபுத்திசாலி. நான் அடிக்கிற சொல்லை எல்லாம் தப்பு என்று நினைத்துத் திருத்தியது. ஒரு முறை அடித்தேன், திருத்திவிட்டது. அழித்து அடித்தேன், மறுபடி திருத்தியது. “அடச் சனியனே, உன்ன எவன் கேட்டான்!” என்று கத்தியதில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். கடைசியில் ஒவ்வோர் எழுத்தாக, எழுத்துக்கு ஒரு தரம் பார்த்து அடித்து முடித்தேன்.

“இனி வராது மேடம்.”

மறுபடி படத்துக்கு வந்து அறுபது வரை எண்ணினேன். கட்டம் வரவில்லை.

“ஆனா பட்டன் முழுசா அமுங்கினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. முத்து, மேசையில இடிக்காத. கைய மட்டும் நகட்டு.”

“சரிண்ணே.”

மேடம் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. முதல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பெட்டி எப்போது போகும் என்று தெரியாது, இந்த அம்மா சாவகாசமாக ஓரம் ஓரமாகப் பார்க்கிறாரே என்று. ஒரு முறை முழுக்கப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து. “இடது... கீழ... நில்லுங்க. கொஞ்சூண்டு மேல. நில்லுங்க.” முத்துவின் கை துளிகூட ஆடவில்லை. படம் கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. அந்த இடத்தில் மேடம் வெகு நேரம் நின்றார்.

“சுந்தரம், நீங்க வெளிய போங்க. முத்து, மானிட்டர அணைச்சிட்டு நீங்களும் போன வச்சிருங்க. நான் சர்ஜன்கிட்ட பேசணும்.”

“மேடம், நான் போன பிறகு அணைஞ்சா...”

“நான் பாத்துட்டேன். போயிட்டு வாங்க.”

“போயிட்டு வாரேன் மேடம்” என்று வெளியே வந்தேன். நினைத்திருந்தால் சத்தமில்லாமல் உள்ளே நின்றிருக்கலாம், மேடத்துக்குத் தெரிந்திருக்காது. மனசு வரவில்லை. மரத்தடியில் சும்மா நின்றேன். பேத்தி நெல்லில் எழுதிவிட்டு ஓடி வந்து, “தாத்தா, நீங்க பாக்கவே இல்ல!” என்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

புற்றுதான். ஓரத்தில், முதல் பார்வையில் படாத இடத்தில். அந்த ஒரே மயக்கத்தில் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துத் தைத்தார்கள்.

நான் ஆட்டோ பிடித்துப் பசுமலைக்குப் போனபோது, முத்து லேபில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மேடமும் காரில் வந்துவிட்டார். முத்து கேட்டது ஒன்றுதான். “நான் வச்ச சந்தனம் ஆகாம போயிருச்சா மேடம்? அதனாலதான் அக்காவுக்கு இப்படி வந்துச்சா?”

மேடம் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “அந்தக் கட்டி நேத்து வந்ததில்ல முத்து. எம்புட்டோ நாளா இருக்கு. உங்க கை அம்புட்டு ஆடாம நின்னதாலதான் அந்த ஓரம் எனக்குத் தெரிஞ்சுது. கை ஆடியிருந்தா நான் தாண்டிப் போயிருப்பேன்.” ஒத்தக்கடையில் இத்தனை வருடம் இருந்தும் ‘எம்புட்டு, அம்புட்டு’ என்று மேடம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். முத்து அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்? “அக்காகிட்ட மட்டும் சந்தனத்தப் பத்தி யாரும் சொல்லிராதீங்க” என்று எங்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டாள்.

நாங்கள் சொல்லவில்லை. வேறொன்றை முத்துவே சொல்லியிருந்தாள் போல, ‘இந்தப் பொட்டியிலதான் உன் நோயக் கண்டுபுடிச்சாங்க’ என்று. அடுத்த ஆயுத பூஜைக்குப் பேச்சியம்மாள் வந்து நின்றார். கொட்டிய முடி மறுபடி முளைத்து, கையில் சந்தனக் கிண்ணத்தோடு. “அந்தப் பொட்டி எது தாயி? நான் என் கையால பொட்டு வைக்கணும்” என்று நேராகப் பெட்டியிடம் போனார். விரல் போன இடம் அந்தப் பட்டன். வட்டமாக, தோதாக இருந்தது அல்லவா?

முத்து பாய்ந்து கையைப் பிடித்தாள். “வேணாங்க்கா!”

“ஏண்டி? நோயாளி வைக்கக் கூடாதா?” பேச்சியம்மாளின் முகம் சுண்டிவிட்டது.

எஸ்தர் மேடம்தான் முன்னால் வந்தார். “அதெல்லாம் வைக்கலாம்மா. முதல்ல வாங்க, பொரி சாப்பிட்டுட்டு வைக்கலாம்” என்று அவரைக் கைப்பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். போகிற போக்கில் என் காதருகே கேட்டார். “அந்தப் பட்டனுக்குப் போற ஒயர எடுத்துற முடியுமா?”

“முடியும் மேடம்.”

“எடுத்துருங்க. அந்தம்மா பாட்டுக்கு வச்சிட்டுப் போகட்டும்.”

பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்கினேன். அவர் பொரி தின்று முடித்து வந்து பொட்டு வைத்தார். அக்காவும் தங்கச்சிக்குச் சளைத்தவர் இல்லை, நன்றாகவே அப்பினார். பெட்டியை எழுப்ப வேறு வழி வேண்டுமே, பின்பக்கத்துச் சுவிட்சை மறுநாள் ஒட்டினேன். பிறகு வருடா வருடம் நடந்தது அதுதான். நான் ஓய்வு பெற்றேன், மேடமும் ஓய்வு பெற்றார். முத்து மாற்றலாகி வேறு கிளைக்குப் போய்விட்டாள். பேச்சியம்மாளிடம் இன்றுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரை எழுதி வைத்திருந்தபோது, நேற்று பூஜை முடிந்து பிரபு போன் செய்தான்.

“சார், செக்கானூரணிப் பக்கம்னு ஒரு அம்மா வந்தாங்க. பழைய பொட்டி எங்கன்னு கேட்டாங்க. அது போயிருச்சும்மா, இதுதான் இப்பன்னு புதுசக் காட்டுனேன். நான் சொல்லி வாய மூடல...”

“பட்டன் மேலயா?”

“ஆமா சார். நல்லா அப்பிட்டாங்க. ஸ்லைடு வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

“அணைஞ்சுச்சா?”

“இல்ல சார்” என்றான் பிரபு. “நீங்க சொன்ன அன்னைக்கே ஒயரப் புடுங்கிட்டேன்.”